லிப்ட், தண்ணி, லைட் மட்டும்

"இது லிப்டோ?" என்று கேட்டார் நாகேந்திரம், கைத்தொலைபேசியை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு.

கௌரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணால் மட்டும் பார்த்தாள். "இல்லை."

"தண்ணியோ?"

"இல்லை."

"லைட்டோ?"

"புட்டு," என்றாள் கௌரி.

"பாத்தீரே! உமக்கே விளங்குது. பக்கத்தில கத்தரிக்காய்க் குழம்பும் இருக்கு. மனுசன் காலமை எழும்பி, தன்ர சாப்பாட்டுக் கோப்பையைப் படம் எடுத்து குறூப்பில போட்டிருக்கு. கீழ 'எல்லாருக்கும் இனிய காலை வணக்கம்' எண்டு ஒரு வசனம் வேற. குறூப்பின்ர பேர் என்ன?"

கௌரிக்கு அது மனப்பாடம். "புளூ கோறல் கோர்ட், லிப்ட், தண்ணி, லைட் மட்டும்."

"மட்டும்!" என்றார் நாகேந்திரம். "மட்டும் எண்டு எதுக்குப் போட்டிருக்கு? வடிவுக்கோ?"

கௌரி தேங்காய் மூடியைத் திருப்பிப் பிடித்தாள்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் நிற்கிறது புளூ கோறல் கோர்ட். ஐந்து மாடி. லிப்டுக்கு மனம் இருந்தால் ஓடும். மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டருக்கும் அதே குணம். இந்த இரண்டையும், படிக்கட்டு விளக்குகளையும் பற்றி அறிவிப்பதற்கென்று தொடங்கியதுதான் அந்த வட்ஸ்அப் குறூப். அதன் அட்மின் நாகேந்திரம்.

அவர் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒவ்வொரு எழுதுவினைஞருக்கும் ஒரு 'சப்ஜெக்ட்' கொடுத்திருப்பார்கள். லீவு ஒருவருக்கு, ஓய்வூதியம் இன்னொருவருக்கு, வாகனம் வேறொருவருக்கு. லீவுக்காரரிடம் போய் வாகனத்தைப் பற்றிக் கேட்டால், தலையைத் தூக்காமலே "அது என்ர சப்ஜெக்ட் இல்லை" என்பார். கேட்டு வந்தவர்களுக்கு அது எரிச்சலூட்டும் வசனம். நாகேந்திரத்துக்கோ உலகம் ஒழுங்காகச் சுற்றுவதே அந்த வசனத்தால்தான். லீவுக்காரன் வாகனத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நாடு என்ன ஆவது?

ஓய்வு பெற்ற கையோடு அவர் வீட்டைத் திணைக்களமாக்கினார். மிளகாய்த்தூள் போத்தலுக்கு இலக்கம் ஒட்டினார். ஃபிரிட்ஜின் மேல்தட்டு பால் சம்பந்தப்பட்டவைக்கு மட்டும் என்று அறிவித்தார். பால் தட்டில் ஒரு பச்சைமிளகாய் கிடந்ததற்காகக் கௌரியிடம் விளக்கம் கேட்டார். கௌரி அன்று அடுப்பை அணைத்துவிட்டுப் பல்கனியில் போய் நின்று கடலைப் பார்த்தாள். புகைவண்டிகள் போயின, வந்தன. அவள் அசையவில்லை.

கடவுள் கண் திறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வாரமே மாடிக் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பொன்னம்பலம் வீட்டுக்கு வந்து, "அண்ணை, எங்கட குறூப்பைக் கட்டுப்படுத்த உங்களை விட்டா ஆளில்லை" என்று கேட்டார். நாகேந்திரம் ஒரு நாள் யோசிப்பதாகச் சொல்லிவிட்டு, அவர் படியிறங்க முன்னமே கூப்பிட்டுச் சம்மதித்தார். பெயருக்குப் பக்கத்தில் 'அட்மின்' என்று விழுந்தபோது அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. காலையில் எழும்பினால் தன்னைத் தேட ஆள் இருக்கிறது என்ற நினைப்பு அவருக்குச் சோற்றைப் போலத் தேவையாயிருந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கௌரியிடம்கூட இல்லை.

அந்தப் பொன்னம்பலமே இப்போது புட்டுப் படம் போட்டிருக்கிறார்.

நாகேந்திரம் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு ஓர் அறிவித்தல் எழுதினார். 'உறுப்பினர்களின் கவனத்திற்கு: இக்குழு லிப்ட், தண்ணீர், மின்விளக்கு ஆகிய விடயங்களுக்கு மட்டுமே உரியது. உணவு இதில் அடங்காது.'

உடனே பதில் வந்தது. "சொறி அண்ணை. ஆனா புட்டுக்கு மா குழைக்கத் தண்ணி வேணும்தானே?"

பிறகு ஒரே தூறல். "என்ன நடந்தது?" "யார் வீட்டுப் புட்டு?" "அரிசி மாவோ, கோதுமை மாவோ?" நாலாம் மாடி றேமண்ட், "எங்க வீட்டுல இன்டைக்கு இடியப்பம் அங்கிள், நான் படம் ஒண்டும் போடல்ல" என்று நல்ல பிள்ளையாக எழுதினான். மூன்றாம் மாடியில் வீடு வாங்கிப் பூட்டிவிட்டுக் கனடாவில் இருக்கும் லவன், முழங்கால் அளவு பனியில் நின்று ஒரு படம் அனுப்பினான். "இதுவும் தண்ணிதான் அங்கிள்."

நாகேந்திரம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, 'இது இங்கு பொருத்தமற்றது' என்று பதில் போட்டார். அந்தப் பதிலுக்கு நன்றி சொன்னார்கள். அந்த நன்றியும் பொருத்தமற்றது என்று எழுதினார். அதற்கும் நன்றி வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கௌரி நாலு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

"குழப்படிக்காரர்," என்றார் சோற்றைப் பிசைந்தபடி. "ஒரு நாள் கண்ணை மூடினனெண்டா குறூப் சந்தையாப் போயிடும்."

"அதுதானே," என்றாள் கௌரி. அன்று அவள் சமையலை எந்தத் தொந்தரவும் இல்லாமல் முடித்திருந்தாள். கறி நன்றாயிருந்தது.

நாகேந்திரம் அடுத்ததாக ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தார். திணைக்களத்தில் எந்தக் கோவையிலும் சேராத கடிதங்களைப் போட 'ஏனையவை' என்று ஒரு கோவை இருக்கும். அதேபோல 'புளூ கோறல் ஏனையவை' என்று இன்னொரு குறூப் தொடங்கி, எல்லோரையும் அதில் சேர்த்தார். 'புட்டு, பனி, பிறந்தநாள், மற்றும் எது வேண்டுமானாலும் இங்கே பதிவிடலாம்.'

எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். பிறகு அந்தக் குறூப்பில் ஈ காக்கை இல்லை.

மறுநாள் காலையில் பழைய குறூப்பில், இரண்டாம் மாடிக்காரர் தன் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றப் படம் போட்டார். அதற்கு மறுநாள் மூன்றாம் மாடியிலிருந்து வெண்டிக்காய் ஊறிய தண்ணீரின் மகிமை வந்தது. அதற்கடுத்த நாள் றேமண்ட் ஒரு பூனையின் படம் போட்டான்.

நாகேந்திரம் அவனைப் படிக்கட்டில் மறித்தார். "தம்பி, ஏனையவை எண்டு ஒண்டு சும்மா கிடக்குதெல்லோ? பூனையை அங்க போட்டா என்ன?"

"அங்க போட்டா யாரு அங்கிள் ஏசுறது?" என்றான் றேமண்ட். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்ல, அங்க யாரும் பார்க்கிறது இல்லதானே" என்றான். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, துறைமுகத்தில் வேலை செய்பவன். நல்ல பிள்ளை, ஆனால் வாய் கொஞ்சம் முந்தும்.

நாகேந்திரம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். "விசித்திரம் கௌரி. எல்லாரும் ஒண்டாக் குழப்பம் செய்தா விளங்கும். இது இரண்டாம் மாடி திருந்த மூண்டாம் மாடி கெட்டுப்போகுது. அது திருந்த நாலாம் மாடி. ஒரு நாளைக்கு ஒராள்தான்."

"மனுசர் அப்பிடித்தானே," என்றாள் கௌரி, போனைக் காதில் வைத்தபடி. "ஓம் பிள்ளை, உங்களுக்குத்தான். வியாழக்கிழமை உங்கட நாள். பெரிசா ஒண்டும் வேண்டாம், சின்னனா ஒண்டு போதும். மறந்திடாதேங்கோ, என்ன?"

கௌரிக்குக் கோயில் வேலை ஓயாது. திருவிழாவில் எந்த நாள் பூசையை எந்தக் குடும்பம் பொறுப்பெடுப்பது என்று உபயம் பிரித்துக் கொடுப்பது அவள்தான். அவள் போன் எடுத்து, "உங்கட உபயம் இல்லாமல் எப்பிடி?" என்று கேட்டால், மாட்டேன் என்று சொல்லித் தப்பியவர் வெள்ளவத்தையில் கிடையாது.

"திருவிழா முடிஞ்சுதெல்லோ?" என்று கேட்டார் நாகேந்திரம்.

"உபயம் எண்டா வருசம் முழுக்க வேலைதான்," என்றாள் கௌரி.

இதற்கிடையில் ஐந்தாம் மாடிக்குப் புதிதாக ஜுமானா என்றொரு பெண் குடிவந்தாள். கணவன் கட்டாரில், அவள் காலி வீதியில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். நாகேந்திரம் அவளைக் குறூப்பில் சேர்த்து, விதிமுறைகளை நேரிலும் போய்ச் சொன்னார். அவள் தலையை மூடிய சீலையைச் சரிசெய்துகொண்டு, "சரி அங்கிள், சரி அங்கிள்" என்று கேட்டுக்கொண்டாள். அதன்பிறகு குறூப்பில் அவளிடமிருந்து ஒரு புள்ளிகூட வரவில்லை.

"பாத்தீரே," என்றார் கௌரியிடம். "உறுப்பினர் எண்டா அது. வாயே திறக்கிறேல்லை."

"புதுசுதானே," என்றாள் கௌரி. "பழகட்டும்."

பொன்னம்பலம்தான் திருந்துகிற வழியைக் காணோம். முறை வைத்தாற்போலத் திரும்பத் திரும்ப வந்தார். மூன்றாம் தடவை அவர் அறுகம்புல் சாற்றைப் பற்றி நெடுங்கட்டுரை அனுப்பியபோது நாகேந்திரத்தின் பொறுமை அறுந்தது. அவரை ஒரு நாளுக்குக் குறூப்பிலிருந்து நீக்கி, 'பணி இடைநிறுத்தம்' என்று எழுத்தில் அறிவித்தார். பொன்னம்பலமும் அதை அடக்கமாக ஏற்றுக்கொண்டு, படிக்கட்டில் கண்டபோது தலைகுனிந்து போனார்.

மறுநாள் காலை நாகேந்திரம் தலை முதல் கால் வரை சவர்க்காரம் பூசிய நேரம் பார்த்து ஷவர் இரண்டு சொட்டு விட்டது. பிறகு காற்று விட்டது. பிறகு ஒன்றும் விடவில்லை.

"கௌரி! தண்ணி நிண்டிட்டுது!"

"எல்லா இடமும் நிண்டிட்டுதப்பா," என்று வெளியிலிருந்து பதில் வந்தது.

ஆறவைத்திருந்த குடிக்கிற தண்ணீரைக் கௌரி போத்தல் போத்தலாகக் கதவிடுக்கால் கொடுத்தாள். அதில் கண்ணை மட்டும் கழுவிக்கொண்டு, துவாயோடு படிக்கட்டுக்கு வந்தார். அங்கே பாதிக் கட்டடம் நின்றது. ஒருவர் வாயில் பற்பசை. இன்னொருவர் தலையில் ஷாம்பூ. நடுவில் பொன்னம்பலம், இடுப்பில் மோட்டர் அறைத் திறப்புக் கொத்தோடு.

"மோட்டர் திருத்த ஆள் வருமெண்டு நேற்றே தெரியும் அண்ணை," என்றார் அவர். "வழமையா குறூப்பில போடுறனான், வாளியில பிடிச்சு வையுங்கோ எண்டு."

"பிறகேன் போடேல்லை?"

"நான் இடைநிறுத்தத்தில எல்லோ? ஒழுங்கை மீறலாமோ?"

நாகேந்திரத்துக்கு ஒரு கண் எரிந்தது. அவர் சொன்னதைத்தான் அந்த மனிதர் செய்திருக்கிறார். திட்டவும் முடியவில்லை, பாராட்டவும் முடியவில்லை.

இனி யாரையும் நீக்குவதில்லை என்று முடிவு செய்தார். அதற்குப் பதிலாக முன் அனுமதி. குறூப்பில் அட்மின் மட்டுமே எழுதலாம். மற்றவர்கள் அறிவிக்க வேண்டியதைப் பொருள், இடம், அவசரத்தன்மை என்ற மூன்று தலைப்பின் கீழ் அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அவர் பரிசீலித்து வெளியிடுவார். யோசனை தோன்றியபோது அவருக்கே புல்லரித்தது. திணைக்களத்தில்கூட இவ்வளவு சுத்தமான ஒழுங்கு இருந்ததில்லை.

புளூ கோறல் கோர்ட் மனமார ஒத்துழைத்தது. அதுதான் வினையாகிப்போனது. 'பொருள்: தண்ணீர். இடம்: எங்கள் குசினி. தண்ணீர் வருகிறது. அறிவிக்கலாமா?' 'பொருள்: லைட். இடம்: இரண்டாம் மாடி. எரிகிறது.' 'பொருள்: லிப்ட். இடம்: கனடா. இங்கே எங்கள் லிப்டும் பழுது அங்கிள்.' விடிந்தது முதல் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. நாகேந்திரம் ஒன்றைப் பரிசீலிப்பதற்குள் ஐந்து வந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் போனின் வாயை அடைத்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, சற்றே கண்ணயர்ந்தார்.

தேநீர் நேரத்தில் கௌரி முருங்கையிலை வாங்கக் கீழே இறங்கினாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"எழும்புங்கோ! லிப்டுக்குள்ள ஆரோ மாதா பாட்டுப் படிக்கினம்!"

பொன்னம்பலம் திறப்போடு ஓடிவர, நாலைந்து பேர் சேர்ந்து கதவை இழுத்துத் திறந்தார்கள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், றேமண்ட் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு கேக் பெட்டி. கொட்டாஞ்சேனையிலிருந்து அவன் அம்மா வீட்டில் எல்லோருக்கும் என்று செய்து கொடுத்துவிட்ட லவ் கேக். பெட்டியில் இப்போது தாள் மட்டும் மிச்சம்.

"எப்ப மாட்டுப்பட்டனீர் தம்பி?" என்று கேட்டார் நாகேந்திரம்.

"மத்தியானமே அங்கிள். மெசேஜ் போட்டேன்தானே? பொருள்: லிப்ட். இடம்: லிப்டுக்குள்ள. அவசரத்தன்மை: இருக்குது எண்டு. அனுமதி வரல்ல. போனும் அடிச்சேன், நீங்க தூக்கல்ல."

"வேற ஆருக்கும் அடிச்சிருக்கலாமே?"

றேமண்ட் ஆச்சரியமாகப் பார்த்தான். "லிப்ட் உங்கட சப்ஜெக்ட்தானே அங்கிள்."

அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகக் குத்தியது. தன் மேசைக்கு முன்னால் காலம் காலமாகக் காத்து நின்ற முகங்கள் எல்லாம் நாகேந்திரத்துக்கு அந்த லிப்டுக்குள் தெரிந்தன. வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தார். தேநீர் ஆறிப்போய் ஆடை படர்ந்தது.

"நான் விடப்போறன் கௌரி," என்றார்.

"எதை?"

"அட்மினை. எனக்கு ஏலாது. ஒரு பிள்ளையைக் கொல்லப் பாத்திட்டன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைச்சு, ராஜினாமாக் குடுக்கிறன். இனி வீட்டிலயே இருக்கிறன்." சமையலறைப் பக்கம் திரும்பினார். "உமக்கும் உதவியா இருக்கும். உந்தப் போத்தல் எல்லாம் ஒழுங்கு மாறிக் கிடக்கு. நானும் கவனிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

கௌரியின் கையிலிருந்த அகப்பை நிலத்தில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனாள்.

ஞாயிறு பின்னேரம் மொட்டைமாடியில், காயப்போட்ட சாரங்களுக்கும் பெட்ஷீட்டுகளுக்கும் நடுவில் கூட்டம் கூடியது. நாகேந்திரம் நீளக்கை சேர்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். திட்டுவார்கள், திட்டட்டும் என்ற முடிவோடு எழுந்து நின்று, "என்ர பிழை. எல்லாரும் மன்னிக்கோணும். இந்தப் பதவிக்கு நான் தகுதி இல்லை" என்றார்.

"ஐயோ, வேண்டாம்!" என்று பல குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன.

பொன்னம்பலம் கும்பிட்டார். "அண்ணை, எங்களை நடுத்தெருவில விட்டிடாதேங்கோ. நீங்கள் ஏசாட்டி எங்களுக்குப் பொழுது விடியாது."

"லிப்டுல இருந்தது நான்," என்றான் றேமண்ட். "நானே சொல்றேன். நீங்கதான் இருக்கணும் அங்கிள். தேவையெண்டா நான் இன்னொரு தடவையும் மாட்டுறேன்."

கடைசியில் நின்ற ஜுமானாகூட வேகமாகத் தலையாட்டினாள்.

நாகேந்திரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திணைக்களத்தில் அவருடைய பிரியாவிடைக் கூட்டத்தில் ரோல்ஸும் பற்றீஸும் கொடுத்தார்கள். எல்லோரும் தின்றுவிட்டு பஸ் பிடிக்க ஓடினார்கள். யாரும் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. இந்தச் சனம் சொல்கிறது. இவ்வளவு படுத்தியபிறகும் சொல்கிறது. அவருக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவும் இல்லை.

"சரி, இருக்கிறன்," என்றார். "முன் அனுமதி எல்லாம் வேண்டாம். குறூப்பைத் திறந்து விடுறன். ஒரேயொரு ஆசை. சாகிறதுக்கு முதல் ஒரு நாள், ஒரு முழு நாள், அந்தக் குறூப் சுத்தமா இருக்கிறதைக் கண்ணால பாக்கோணும்."

யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. பொன்னம்பலம் இருமினார். காற்று ஒரு பெட்ஷீட்டைத் தூக்கி அவர் முகத்தில் போட்டது.

திங்கட்கிழமை இரண்டாம் மாடிக்காரர் யானையின் ஞாபக சக்தி பற்றி எழுதினார். செவ்வாய் பொன்னம்பலம், குரக்கன் புட்டு. புதன் றேமண்ட், பூனை. நாகேந்திரம் இப்போது ஏசுவதில்கூட ஒரு கனிவு இருந்தது. 'தம்பி, பூனை அழகு. எனினும் இங்கு பொருத்தமற்றது.'

வியாழன் விடிந்தது. குறூப்பில் ஒன்றும் இல்லை.

காலைச் சாப்பாடு வரைக்கும் நாகேந்திரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை. பத்து மணிக்குக் கௌரியிடம் ஓடிப்போய்த் திரையைக் காட்டினார். "பாரும்! வெறுமை! கண்ணாடி மாதிரி!"

கௌரி பார்த்தாள். அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்த சந்தோசம் இல்லை. "ஒண்டுமே வரேல்லையோ? வடிவாப் பாருங்கோ."

"ஒண்டுமே இல்லை!"

மத்தியானமும் ஒன்றும் வரவில்லை. நாகேந்திரம் போனை அணைத்துத் திரும்பப் போட்டார். வீட்டு வைஃபை பெட்டியைத் தட்டினார். 'இது சோதனை' என்று கனடா லவனுக்குத் தனியாக ஒன்று அனுப்பினார். லவன் ஏனோ, "இண்டைக்கு நான் இல்லை அங்கிள்" என்று பதில் எழுதினான். இல்லாதவன் எப்படிப் பதில் எழுதினான் என்று அவருக்கு விளங்கவில்லை.

பின்னேரம் ஆக ஆக அவருடைய சந்தோசம் புளித்துப்போயிற்று. கை சும்மா இருக்க மறுத்தது. எழுந்து சமையலறைக்குள் போனார். கடுகுப் போத்தலை எடுத்தார். "இது ஏன் சீரகத்துக்குப் பக்கத்தில இருக்கு? சீரகம் வேற சப்ஜெக்ட்."

"இஞ்சாருங்கோ, அதை வையுங்கோ," என்றாள் கௌரி.

"இந்தப் பருப்பு எந்தத் திகதி வாங்கினது? ஒரு இலக்கமும் ஒட்டேல்லை. ஃபிரிட்ஜ் கதவில முட்டையை ஆர் வைச்சது?"

கௌரி பல்கனிக்கு ஓடினாள். அவள் யாருக்கோ போனில் கிசுகிசுப்பது கேட்டது. "இன்னும் வரேல்லை... குசினிக்குள்ள பூந்திட்டார்... அடிச்சுப் பாத்தனான், போன் நிப்பாட்டிக் கிடக்கு..." அந்த நேரம் பாணந்துறைப் பக்கம் போகும் புகைவண்டி குறுக்கே வந்து மிச்சத்தை விழுங்கிவிட்டது.

நாகேந்திரத்துக்கு அப்போதுதான் அந்தப் பயங்கரமான எண்ணம் வந்தது. அவரை விட்டுவிட்டு எல்லோருமாக வேறு குறூப் தொடங்கிவிட்டார்கள். மொட்டைமாடியில் வேண்டாம் என்றது, கும்பிட்டது எல்லாம் பிரியாவிடைதான். ரோல்ஸ் மட்டும்தான் இல்லை. கடுகுப் போத்தலைச் சீரகத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். 

சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பொன்னம்பலத்தின் கதவைத் தட்டினார்.

"சுகமா இருக்கிறியளோ?"

"சுகம் அண்ணை. ஏன்?"

"புட்டு அவிக்கேல்லையோ?"

"காலமை அவிச்சனாங்கள்."

"அப்ப... படம்?"

"செவ்வாய்க்கிழமைதானே அண்ணை நான் போட்டனான்," என்று பொன்னம்பலம், பால்காரனுக்குக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

நாலாம் மாடியில் றேமண்ட் ஐந்தாம் மாடிப் பக்கம் கண்ணைக் காட்டினான். பிறகு, "மேல ஒருக்காப் போய்ப் பாருங்க அங்கிள்" என்று மட்டும் சொன்னான்.

லிப்டை நம்பாமல் படியேறினார். ஒவ்வொரு படியிலும் மனம் கனத்தது. மிச்சம் இருப்பது அந்தப் பிள்ளை ஜுமானா ஒருத்திதான். விதியை ஒருபோதும் மீறாதவள். பொய் சொல்லமாட்டாள். கதவைத் தட்டினார்.

ஜுமானா அப்போதுதான் வேலையால் வந்திருந்தாள். தோளில் பை, கையில் சார்ஜரில் செருகப்போன போன், திரை கறுத்துக் கிடந்தது. அவரைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"பிள்ளை," என்றார் நாகேந்திரம். மூச்சு வாங்கியது. "இண்டைக்குக் குறூப்பில ஒருத்தரும் ஒண்டும் போடேல்லை. என்னை விட்டிட்டு எல்லாரும் வேற குறூப் துவங்கிட்டியளோ? எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். நீர் ஒராளாவது உண்மையைச் சொல்லும்."

ஜுமானா தலையில் கையை வைத்தாள்.

"யா அல்லாஹ்! மன்னிச்சுக்கோங்க அங்கிள், இண்டைக்கு எங்கட உபயம், அடியோட மறந்துட்டன். கௌரி அன்டிக்கிட்ட மட்டும் சொல்ல வாணாம், இப்பவே ஒரு புட்டுப் படம் போடுறன்!"